காற்று பார்க்கும் வேலை

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. நான்கு வருடமாக லாரிகளுக்கு நடுவில்தான் வேலை செய்கிறேன், ஒரு வண்டியைக்கூட ஓரடி நகர்த்தியதில்லை. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, அதனால் உங்களிடம் பேசுவது எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஒருவர் கேட்க, ஒருவர் எழுதிக்கொண்டால் பேசிவிடுவேன்.

என் வேலைக்கு ஆபீஸில் வேறு பெயர் இருக்கிறது. யார்டில் அதைக் காற்று பார்க்கிற வேலை என்பார்கள். கல்குவாரியின் வண்டிகள் மொத்தம் பதினான்கு. காலையில் ஒவ்வொன்றும் கேட்டைத் தாண்டும் முன் நான் தரையில் போட்டிருக்கும் கோட்டில் வந்து நிற்கும். வண்டிக்குப் பத்து நிமிடம். என் கையெழுத்து விழுந்த அட்டை இல்லாமல் காவலாளி சங்கிலியை அவிழ்க்க மாட்டார். எனக்கு முன்னால் இருந்தவர் பதினான்கு அட்டையிலும் நாற்காலியை விட்டு எழாமல் கையெழுத்துப் போடுவாராம். அதனால்தான் இயற்பியல் படித்த ஒரு பெண்ணை எடுத்தார்கள்.

பெரிய வண்டிகளில் பிரேக் பிடிப்பது காலின் பலமில்லை, காற்றின் பலம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர் காற்றை டேங்குகளில் அடைத்து வைக்கிறது. பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஹோஸ் வழியாகப் போய், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளை டிரம்மின் மேல் அழுத்துகிறது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஓட்டுபவருக்கு எதிரே உள்ள கேஜ் காட்டும். முள் எட்டில் நின்றால் டேங்க் நிறைந்திருக்கிறது. ஐந்துக்குக் கீழே இறங்கினால் பஸ்ஸர் அடிக்க வேண்டும். மூன்றுக்குக் கீழே போனால், அதுவரை காற்று அமுக்கி வைத்திருந்த தடித்த ஸ்பிரிங்குகள் விடுபட்டுப் பின் சக்கரங்களைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். அதாவது, காற்று இருந்தால் வண்டி ஓடும். காற்று போனால் நிற்கும். யாரோ ஒருவர் உட்கார்ந்து நன்றாக யோசித்திருக்கிறார். எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

கேஜ் இருக்கும்போது பஸ்ஸர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்க வேண்டும், முள்ளையே பார்த்துக்கொண்டு யாரும் வண்டி ஓட்ட முடியாது. அதனால் கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

நான் செய்வது இவ்வளவுதான். முள் எட்டைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்துவேன். பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பேன். முள் ஒரு மயிரிழை இறங்கலாம், அதற்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்து, பஸ்ஸர் எந்த எண்ணில் அடிக்கிறது என்று எழுதுவேன். கடைசியில் அடியில் குனிந்து ஹோஸ்களைக் கையால் தடவிப் பார்ப்பேன். எல்லாம் சரியென்றால் கையெழுத்து.

ஒன்பதாம் நம்பர் வண்டி என் அக்காவுடையது.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா எனக்கு நினைவு தெரியும் முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டார். அம்மா இறந்தபோது எனக்கு எட்டு வயது. அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டினாள், பிறகு குவாரிக்கு வந்தாள். பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான் பெண். இரண்டு அறை உள்ள மாடி வீடு எங்களுடையது. தையல் கடைக்கு மேலே இருப்பதால் பகலெல்லாம் தரை லேசாக அதிரும். மாலை ஆறு மணிக்கு அந்த மெஷின்கள் நிற்கும். அதற்குச் சற்றுப் பிறகு இரும்புப் படியில் அக்காவின் பூட்ஸ் சத்தம் வரும், இரண்டிரண்டு படியாக. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து அன்றைக்கு ரோட்டில் நடந்ததையெல்லாம் சொல்வாள். நான் கேட்பேன். எனக்கு வேறு சிநேகிதம் கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை.

அவள் ஓட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமதரையில் அவள் பெடலைத் தொடவே மாட்டாள். வளைவு வருவதை அரை மைல் முன்பே பார்த்து, கியரை மாற்றி மாற்றி எஞ்சினாலேயே வண்டியை அடக்கிவிடுவாள். "பிரேக்க மிதிச்சிட்டே போறவன் ரோட்டப் பாக்கலன்னு அர்த்தம்" என்பாள். அவளுடைய பிரேக் கட்டைகள் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நாள் வரும். அதில் அவளுக்குப் பெருமை.

போன வருடம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"பாப்பா, லாங் ரூட் கம்பெனில எழுதிப் போட்டிருக்கேன்."

"எத்தன நாள் ட்ரிப்பு?"

"நாப்பது நாளு. வந்தா நாலு நாள் வீட்ல. அப்புறம் மறுபடியும்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதடி. இருவத்தஞ்சு வயசாகுது. இன்னும் நான்தான் உனக்குத் தல வாரி விடணுமா?"

"நீ வாரி விடுறதில்லையே."

"அதத்தான் சொல்றேன். நீ உன் வாழ்க்கையப் பாரு. நானும் கொஞ்சம் கடல், பாலைவனம்னு பாக்கணும்ல. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் குவாரிக்கும் எடை மேடைக்கும் நடுவுல பதிமூணு மைலுதான் பாத்திருக்கேன். கண்ணக் கட்டி விட்டாக்கூட ஓட்டிருவேன், அவ்ளோ அலுப்பு."

நல்லதுதான் என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தக் கம்பெனியில் கண்டிப்பு அதிகம். எழுதிப் போட்ட நாளிலிருந்து இரண்டு மாதப் பயணப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவார்கள். வழியில் எத்தனை முறை நின்றார், எத்தனை முறை தாமதம், பிரேக் பற்றி என்ன புகார் என்றெல்லாம் பார்த்து, பிடித்திருந்தால் ஆய்வாளர் ஒருவரை அனுப்பி ஒரு பரீட்சைப் பயணம் வைப்பார்கள். அக்காவின் பதிவேடு அதுவரை வெள்ளைத் தாள்போல இருந்தது.

பஸ்ஸரை அடிக்க வைக்கும் ஸ்விட்ச் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முனையில் ரப்பர் மூடி, அதற்குள் ஒரு சின்னத் திருகு. அதை இறுக்கினால் பஸ்ஸர் ஐந்தில் அடிக்காமல் முன்னதாகவே அடிக்கும். நான் இரண்டேகால் சுற்று இறுக்கினேன். பிறகு சரியாகத் திருப்பி வைக்க வேண்டும் என்பதற்காக அந்த எண்ணைக் குறித்தும் வைத்தேன். இப்போது பஸ்ஸர் ஆறரையில் அடித்தது. அட்டையில் ஐந்து என்றே எழுதினேன்.

இதில் என்ன கெடுதல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எச்சரிக்கை தாமதமாக வந்தால் ஆபத்து. முன்னதாக வந்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. கொஞ்ச நேரம் வீணாகும், அவ்வளவுதான். மற்ற பதிமூன்று வண்டிகளைவிட ஒன்பதாம் நம்பர்தான் அப்போது பத்திரமான வண்டி என்றுகூட நான் நினைத்தேன்.

குவாரியிலிருந்து ஒன்பது மைல் சமதரை, பிறகு நான்கு மைல் இறக்கம், அடிவாரத்தில் எடை மேடை. சமதரையில் பஸ்ஸர் அடிக்கவில்லை. இறக்கத்தில் யாராக இருந்தாலும் பெடலை மிதித்துத்தான் ஆக வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது காற்று ஆறரைக்கு இறங்கத்தான் செய்யும். முதல் நாளே பாதி இறக்கத்தில் அடித்தது. பஸ்ஸர் அடித்தால் ஓரம் கட்டி நிறுத்தி, காற்று ஏறிய பிறகு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். அக்கா நிறுத்தினாள். மறுநாளும் நிறுத்தினாள்.

யார்டில் கேலி தொடங்கியது. ஐந்தாம் நம்பர் ஓட்டுகிற நெட்டையன்தான் அதில் தலைவன்.

"என்ன தாயி, உன் வண்டிக்கு மூச்சு வாங்குதாமே? இறங்கி முதுகத் தடவி விடுறதுதானே."

"உன் காதுல இருக்கற அழுக்க என் காதுல ஊத்திக்கிட்டா நானும் உன்ன மாதிரி நேரத்துக்குப் போயிருவேன்டா."

எல்லோரும் சிரித்தார்கள், நெட்டையனும் சிரித்தான். ஆனால் அன்று மாலை அவள் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதம்தானே, பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து என் கோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தாள்.

"ஏய் மீட்டரு." யார்டில் எனக்கு அதுதான் பெயர், அவளும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவாள். "ஒண்ணு சொல்லு. முள்ளு ஆறரையில நிக்குது, பஸ்ஸரு உயிர் போற மாதிரி கத்துது. நான் முள்ள நம்பவா, சத்தத்த நம்பவா?"

"சத்தத்த நம்புக்கா."

"அப்ப முள்ளு?"

"கேஜ் தப்பாக் காட்டுது. ஒரு நேரம் கூடக் காட்டுது, ஒரு நேரம் கொறச்சுக் காட்டுது. நான் சோதிச்சுப் பாத்துட்டேன்."

நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் அளவுகளைப் பற்றி நான் எது சொன்னாலும் அவள் நம்புவாள். ஃபோர்மேனும் அப்படித்தான். அவர் கேஜைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "எனக்கென்னமோ நல்லாத்தான் தெரியுது. ஆனா நீ படிச்ச புள்ள, நீ சொன்னாச் சரிதாம்மா" என்று சொல்லிப் புது கேஜுக்கு எழுதிப் போட்டார். அது வர நாளாகும் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் அக்கா பத்தொன்பது முறை நின்றாள். பதிவேடு போனது. இனி அவர்கள் வேண்டாம் என்று எழுதுவார்கள், நான் திருகை இரண்டேகால் சுற்று தளர்த்திவிடுவேன், கேஜ் தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன், அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தேன்.

கடிதம் வந்த அன்று அக்கா அதைப் பிரித்தபடியே வீட்டுக்குள் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"பாப்பா, பத்தொம்போது தடவ நின்னேன்னு எழுதியிருக்காங்க. அதனாலதான் கூப்புடுறாங்களாம்! இங்க பாரு. எச்சரிக்கை வந்த ஒவ்வொரு முறையும் நிறுத்திய ஓட்டுநரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அப்படியே போட்டிருக்கான்டி."

என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டாள். அவள் கைகளில் அவ்வளவு பலம் உண்டு. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பொய் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். அவள் சந்தோஷமாக இருந்தால் எனக்கும் சிரிப்பு வரும், அது பழக்கம்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை அவள் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு உதவி. நாளைக்கு வண்டி கோளாறுன்னு நடு ரோட்டுல நின்னா பரீட்சை ரத்தாம். அப்புறம் அடுத்த வருசம்தான். அந்த பஸ்ஸர் கம்பியக் கழட்டிரு."

"அது தப்புக்கா."

"தப்புதான். ஒரு நாளைக்குத்தானே. காலையில நீ முழுசா பாத்துக் கையெழுத்துப் போடப் போற. உன் கையெழுத்த விட எனக்குப் பெரிய பஸ்ஸர் எதுக்குடி?"

கம்பியைக் கழற்றச் சொன்னது அவள்தான். இதை அவளைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை ஒன்பதாம் நம்பர் முதலில் வந்தது. முந்தின நாளே கல் ஏற்றி வைத்திருந்தார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பியை உருவினேன், இரண்டு நொடி வேலை. பிறகு வழக்கம்போல் முள் எட்டைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்து, கடிகாரத்தைப் பார்த்தேன். முள் இறங்கியது. ஒரு நிமிடத்தில் எட்டிலிருந்து ஆறரைக்கு வந்துவிட்டது. நான்கு வருடத்தில் அவ்வளவு வேகமாக இறங்கி நான் பார்த்ததில்லை.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பெடலைக் கம்பால் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு அடியில் போனேன். பின் சக்கரங்களுக்குப் போகும் ஹோஸ் சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் குவாரி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்தேன். காற்று ஜில்லென்று பட்டது. அழுத்தத்திலிருந்து விடுபட்ட காற்று குளிரும், அது விதி. பெடலை மிதிக்கும்போது மட்டும் ஒழுகும் ஒழுகல் அது. மிதிக்காதவரை டேங்க் நிறைந்தே இருக்கும்.

வெளியே வந்து அட்டையைத் திருப்பி அதன் முதுகில் ஒரு கணக்குப் போட்டேன். அட்டை உங்கள் மேசையில் இருக்கிறது, பென்சில் எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அது என்னவென்று யாரும் கேட்கவில்லை. சமதரையில் ஓர் ஓட்டுநர் எத்தனை முறை பெடலை மிதிப்பார் என்பது முதல் எண். ஒவ்வொரு மிதிக்கும் போகிற காற்று இரண்டாவது. இடையில் கம்ப்ரஸர் திருப்பி அடைப்பது மூன்றாவது. விடை, ஆறாவது மைல். ஆறாவது மைலில் முள் மூன்றுக்குக் கீழே போகும், ஸ்பிரிங் பின் சக்கரங்களைப் பிடிக்கும், வண்டி சமதரையில் வயல்களுக்கு நடுவே மெதுவாக நிற்கும். பரீட்சை ரத்தாகும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது.

ஒழுகல் என்று எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுதினால் ஒரு மணி நேரத்தில் ஹோஸை மாற்றிவிடுவார்கள். மத்தியானமே பரீட்சை நடந்திருக்கும். அவள் தேறியிருப்பாள்.

ஆய்வாளர் வயதானவர். தடித்த கண்ணாடி போட்டிருந்தார், அதை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஏறும் முன் என்னிடம் வந்தார்.

"நீதான் பாக்குறியாம்மா?"

"ஆமா சார்."

"ஏர் எவ்ளோ இருக்கு?"

"எட்டு."

அது பொய்யில்லை. எஞ்சின் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது, அந்த நிமிடம் எட்டுதான் இருந்தது. அவர் என் கையெழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எழுத்து அழகா இருக்கு. எங்க கம்பெனில ஒருத்தன் எழுதறதும் புரியாது" என்றார். அக்கா ஜன்னலில் கையை ஊன்றி, "சார், அது என் தங்கச்சி. நான் படிக்க வெச்சேன்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே ஏறினார்.

நான் மீதி வண்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சரியாகப் பார்த்தேன். பதினோராம் நம்பரில் ஒரு சின்ன ஒழுகல் இருந்தது, நிறுத்திவைத்தேன். எட்டே முக்கால் வரை வண்டி வழியில் நின்றுவிட்டதாகச் செய்தி வரவில்லை. அப்போதுதான் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். முதல் எண்ணுக்கு முப்பது என்று போட்டிருந்தேன். மற்ற ஓட்டுநர்கள் சமதரையில் முப்பது முறை மிதிப்பார்கள். அக்கா மூன்றோ நான்கோ முறை மிதிப்பாள். அது யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். கணக்குப் போடும்போது ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வரவில்லை என்றுதான் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் போன் ஒன்பது மணிக்கு அடித்தது.

ஒன்பது மைலும் டேங்க் நிறைந்தே இருந்திருக்கிறது. இறக்கத்தில்தான் அவள் பெடலை மிதிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மிதிக்கும் காற்று போயிற்று. இறக்கத்தின் மூன்றாவது மைலில் முள் மூன்றுக்குக் கீழே வந்து ஸ்பிரிங் பிடித்தும் இருக்கிறது, சாலையில் அதன் தடம் இருப்பதாக உங்கள் அறிக்கையே சொல்கிறது. ஆனால் அதற்குள் டிரம்கள் கொதித்துப் போயிருந்தன. சூடானால் உலோகம் விரியும். விரிந்த டிரம்மைக் கட்டைகள் எட்டிப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் வழுக்கும். இது பள்ளிக்கூடப் பாடம்.

வண்டி அடிவாரத்தில் எடை மேடை அறையில் போய் மோதியது. ஆய்வாளர் அங்கேயே இறந்துவிட்டார். எடை மேடையில் எண்களை எழுதும் பெண்மணியும் இறந்துவிட்டார். அவரோடு நான் தினமும் போனில் பேசியிருக்கிறேன். "மீட்டரு, இன்னிக்கு எத்தன வண்டிடி அனுப்பற, எனக்கு வீட்ல வேல கெடக்கு" என்பார். முகம் பார்த்ததில்லை. செய்தித்தாளில்தான் முதலில் பார்த்தேன். குரலை வைத்து ஒல்லியானவர் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை.

அக்காவுக்கு முதுகெலும்பு. கழுத்துக்குக் கீழே வலது கை மட்டும் அசைகிறது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் குரல் காற்றாகத்தான் வந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"முள்ளு இறங்குச்சு பாப்பா. நான் பாத்தேன். ஏழு, ஆறு, அஞ்சு, எல்லாம் பாத்தேன். அவருகூடக் கேட்டாரு, என்னம்மா கேஜ் இப்படி இறங்குதுன்னு. நான்தான் சொன்னேன்... கேஜ் தப்பு சார், என் தங்கச்சி சோதிச்சிருக்கான்னு."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாலையைப் பார்ப்பது அப்படித்தான் இருக்கும், அரை மைல் முன்னால். பிறகு கண்ணை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உங்கள் ஆட்கள் வந்து விசாரித்தபோது, பஸ்ஸர் கம்பியைத் தானே கழற்றியதாகச் சொல்லியிருக்கிறாள். தங்கைக்கு எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அறிக்கையில் ஓட்டுநரின் அலட்சியம் என்று எழுதி முடித்திருக்கிறீர்கள். அது தவறு. கம்பியைக் கழற்றியது நான். திருகை இறுக்கியது நான். நல்ல கேஜைக் கெட்டது என்று சொன்னது நான். ஹோஸ் ஒழுகியதை முள்ளிலும் பார்த்தேன், கையாலும் தொட்டேன், தொட்ட கையாலேயே கையெழுத்துப் போட்டேன். அவள் செய்ததெல்லாம் என்னை நம்பியது மட்டும்தான்.

இதை நான் தண்டனைக்குப் பயந்தோ, தூக்கம் வராமலோ சொல்ல வரவில்லை. எனக்குத் தூக்கம் வருகிறது. ஒரு காரணத்துக்காக வந்தேன். அக்கா வலது கையால் ஒரு விண்ணப்பம் எழுதி, வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மூலம் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். தன்னை வேறு ஊரில் ஏதாவது பராமரிப்பு இல்லத்துக்கோ, சிறை ஆஸ்பத்திரிக்கோ, எங்கே வேண்டுமானாலும் மாற்றிவிடும்படி கேட்டிருக்கிறாள். அதை நீங்கள் பொருட்படுத்தக் கூடாது. அது மருந்தின் வேகத்தில் எழுதியது. குற்றம் அவளுடையதில்லை என்று ஆகிவிட்டால் அவளை எங்கேயும் கொண்டுபோக வேண்டியதில்லை. இப்போதுபோல வீட்டிலேயே இருக்கலாம். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். ஊட்டி விடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, தலை வாரி விடுவது எல்லாம் நானே செய்கிறேன். முன்புபோல அவள் நாள் முழுக்க வெளியே இருப்பதில்லை. எங்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். சீக்கிரம் முடிந்தால் நல்லது, நர்ஸுக்கு நேரமாகிறது.

அந்த நர்ஸ் ஒரு மாதிரி. நான் இல்லாதபோது அக்கா நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறாள், ஒரு நாள் சிரித்தாள் என்றுகூடச் சொன்னாள். நான் கதவைத் திறந்ததும் அக்கா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், போகும்வரை திறப்பதில்லை, கவனித்தீர்களா என்று கேட்கிறாள். கவனிக்காமல் என்ன. என் காலடி கேட்டதுமே தூங்கிவிடுகிறாள். வேறு யாரிடமும் அவளுக்கு அந்த நிம்மதி கிடைக்காது.